காலுக்குத் தெரிந்த மெழுகு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுப் பால்கனியில் ஏழரை அடி நீளப் பலகை ஒன்று பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. மின்ன வைத்தவள் நான்தான். இரண்டு மணி நேர வேலை. கீசர் வெந்நீர் மூன்று வாளி, தோசைக்கரண்டி, சலவைத் தூள், பாத்திரம் தேய்க்கிற பச்சை நார், கடைசியில் துடைக்க என் வீட்டுக்காரரின் பழைய பனியன்.

ஜனவரி மாதம். வெளியே மூடுபனி. ஒன்பதாவது மாடியிலிருந்து பார்த்தால் எதிர் பிளாக் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது. மத்தியானம் ஒரு மணிக்குச் சென்னை விமானம். ஊருக்குப் போகிற சாமான் எதுவாக இருந்தாலும் சுத்தமாகப் போக வேண்டும் என்பது என் கட்சி. பெட்டியின் சக்கரத்தைக்கூடக் கழுவித்தான் அனுப்புவேன். என் வீட்டார் இதை வியாதி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மகள் எழுந்து வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

'பார்த்தால்' என்று எழுதிவிட்டேன். இத்தனை வருஷமாகியும் கை அப்படித்தான் எழுதுகிறது. என் மகள் ஷீபாவுக்குக் கண் தெரியாது.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு அவளைத் தெரியும். இந்த வாரம்தான் புதிதாக வருகிறவர்களுக்காக நாலு வரி. பன்னிரண்டு வயதில் மாலை வெளிச்சத்தில் தடுமாற ஆரம்பித்தாள். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது, மருந்து இல்லை என்றார்கள். இருபது வயதில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. இப்போது குர்கானில் ஒரு கம்பெனியில் கணினி வாசித்துக் காட்டக் காட்டக் கேட்டு வேலை பார்க்கிறாள். என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறாள். என்னைவிட அதிகம் பேசுகிறாள்.

உப்புமாவுக்கு ரவையை வறுத்துக்கொண்டிருந்தபோது பால்கனியில் தொப்பென்று சத்தம் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஷீபா தரையில் உட்கார்ந்திருந்தாள். தினமும் எழுந்தவுடன் அவள் செய்கிற பயிற்சி ஒன்று உண்டு. பலகையில் குப்புறப் படுப்பாள். இரண்டு கையையும் ஊன்றி ஒரே துள்ளலில் எழுந்து நிற்பாள். அன்றைக்கும் அப்படித்தான் துள்ளியிருக்கிறாள். கால் சறுக்கிவிட்டது. முழங்கை சிவந்திருந்தது.

அவள் முழங்கையைத் தடவவில்லை. பலகையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவிவிட்டு விரலை மூக்கில் வைத்து முகர்ந்தாள்.

"அம்மா, இதுல என்ன பண்ணின?"

"அழுக்கா இருந்துச்சுட்டி. சுரண்டிக் கழுவிட்டேன்."

"அப்புறம்?"

"பழசு போச்சேன்னு புதுசா மெழுகு தேச்சேன். மாதா படத்துக்கு வாங்கி வச்சிருந்த மெழுகுவர்த்தி ரெண்டு."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. முகத்தை என் பக்கம் திருப்பி ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"வேணும்னே பண்ணினியாம்மா?"

அவள் ஏன் அப்படிக் கேட்டாள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அலுவலகத் தோழிகளோடு மாமல்லபுரம் பக்கம் போனவள், கடலலையில் பலகை மேல் ஏறி நிற்கிற சர்ஃபிங் விளையாடிவிட்டு வந்தாள். போனில் அவள் சிரித்த சிரிப்பைக் கேட்டு எனக்கு முதலில் சந்தோஷம்தான். அப்புறம்தான் விஷயம் புரிந்தது.

நாங்கள் திருநெல்வேலிக்கு மேற்கே. கடல் என்றால் எங்களுக்கு வருஷத்துக்கு ஒரு நாள் கால் நனைக்கிற இடம். நானும் என் வீட்டுக்காரர் அந்தோணியும் மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்காக டெல்லி வந்து முப்பது வருஷமாகிறது. இங்கே யமுனையைப் பாலத்தின் மேலிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதோடு சரி. இப்படிப்பட்ட வீட்டில், அதுவும் கிட்வாய் நகரில் ஒன்பதாவது மாடியில், கண் தெரியாத பெண் ஒருத்தி கடலில் பலகை மேல் நிற்கப் போகிறேன் என்றால் தாய் என்ன செய்வாள்? நான் எல்லாம் செய்தேன். அழுதேன், சண்டை போட்டேன், இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தேன். அவள் பழைய பலகை ஒன்றை லாரியில் வரவழைத்து ஹாலில் போட்டுவிட்டாள்.

நாலு மாசத்துக்கு ஒரு தடவை அப்பாவும் மகளுமாகப் போய் வருவார்கள். அங்கே சொல்லிக்கொடுக்கிறவரை அவள் மாஸ்டர் என்பாள். அவர் தண்ணீரில் நின்று பலகையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்வார். அலை வரும்போது தள்ளிவிட்டு, அவள் எழுந்து நிற்கிற வரை பிடித்தபடியே கூட ஓடுவார். அந்தக் கையை நம்பித்தான் நான் இங்கே சோறு தின்றுகொண்டிருந்தேன்.

இந்தத் தடவை அந்தக் கை இருக்காது என்று சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை காலை ஷீபா தானாகவே அலையைப் பிடித்து, தானாகவே நிற்க வேண்டும். மாஸ்டர் பக்கத்தில்தான் இருப்பார், தொட மாட்டார்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் பெரிய சண்டை. "நீ போனா நான் வாசப்படியில குறுக்கப் படுத்துக்கிடுவேன்" என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பலகை வழுவழு என்று இருக்கிறது. அந்தப் பெண் வேறு என்னத்தை நினைப்பாள்?

மெழுகும் நானும்

நான் பழகிய மெழுகெல்லாம் வழுக்குகிற மெழுகு. இதைக் கொஞ்சம் விளக்கிவிட்டால் நான் செய்தது மடத்தனம்தான், துரோகம் இல்லை என்பது தெரியும்.

கிட்வாய் நகரில் இந்த உயரமான கட்டடங்கள் வருவதற்கு முன், மாடி ஒன்றே இருந்த பழைய குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். மழைக்காலம் வந்தால் மேஜை டிராயர்கள் ஊதிக்கொண்டு திறக்காது. மெழுகுவர்த்தியை எடுத்து ஓரங்களில் தேய்த்தால் சர்ரென்று வரும். பீரோ கதவு, சூட்கேஸ் ஜிப், எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம்.

நான் வேலைக்குச் சேர்ந்த அமைச்சகத்தின் நீளமான தாழ்வாரத்தில் அப்போதெல்லாம் மெழுகு போட்டுத் துடைப்பார்கள். சேர்ந்த முதல் வாரம் கையில் ஃபைல் கட்டோடு, புதுச் செருப்போடு, சுத்தமாக ஆறடி சறுக்கிக்கொண்டு போய் ஒரு அண்டர் செக்ரட்டரியின் அறை வாசலில் விழுந்தேன். அவர் எட்டிப் பார்த்து, "ஆயியே, பைட்டியே" என்றார். தரையில் கிடக்கிறவளை உட்காரச் சொன்ன மனுஷர் அவர் ஒருத்தர்தான்.

இன்னொரு மெழுகும் உண்டு. ஷீபாவின் கண் மங்க ஆரம்பித்ததிலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் ஆபீஸ் விட்டு வரும் வழியில் கோயிலில் இறங்கி, குகை மாதிரி கட்டிய மாதா கெபியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவேன். பன்னிரண்டு வருஷம். வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான், அதை நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை மெழுகை உருக்கியிருப்பேன் என்று மாதாவுக்குத்தான் தெரியும். ஒன்றும் நடக்கவில்லை. சில வாரங்கள் கோபத்தில் ஏற்றிவிட்டு ஜெபம் சொல்லாமல் வந்துவிடுவேன்.

ஆக, பலகை மேல் மஞ்சளாக, பிசுபிசுவென்று, தலைமுடியும் கம்பளிப் பஞ்சும் ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாக இருந்ததைப் பார்த்தபோது எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. பளபளப்புக்காகப் போட்ட மெழுகு கெட்டுப்போய்விட்டது. அதிலிருந்து வந்த தேங்காய் மிட்டாய் வாசனைகூட எனக்குச் சந்தேகத்தைக் கொடுக்கவில்லை.

கூடா வண்டி

"அது அழுக்கு இல்லம்மா" என்றாள் ஷீபா. "பாலிஷும் இல்ல. கால் வழுக்காம இருக்கத்தான் அந்த வேக்ஸ். ஈரத்துல இந்த போர்டு சோப்பு மாதிரி இருக்கும். அந்த வேக்ஸ் கட்டி கட்டியா இருந்தாத்தான் கால் பிடிக்கும்."

"சரிட்டி, வேற வேக்ஸ் தேச்சிரலாம்."

"சமஜ் நஹி ரஹி ஹோ, மம்மி." எனக்குப் புரியவில்லையாம். கோபம் வந்தால் அவளுக்கு இந்தி வந்துவிடும். பிறகு மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு தமிழுக்குத் திரும்பினாள். "நான் எழுந்து நிக்கும்போது காலை எங்க வைக்கணும்னு மத்தவங்க பாத்துக்குவாங்க. நான் எப்படிப் பாக்குறது?"

என் கையைப் பிடித்து வழுவழுப்பான பலகை மேல் வைத்து நகர்த்திக்கொண்டே சொன்னாள். இங்கே குறுக்காக ஒரு தடித்த வரம்பு இருந்தது. பின்னங்கால் அதில் முட்டினால் சரியான இடம். இங்கே நடுவில் நீளமாக ஒரு கோடு. இரண்டு பாதமும் அதன் மேல் இருந்தால் பலகை சாயாது. முன்னங்காலின் பெருவிரலுக்கு இங்கே ஒரு குமிழ். ஒவ்வொரு நாளும் நின்று பார்த்து, கொஞ்சம் தேய்த்து, கொஞ்சம் சுரண்டி, மூன்று மாதமாக அவள் கட்டியது. மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததில்லை. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று மாதமாக அந்த மஞ்சள் கட்டிகளைப் பார்த்துக்கொண்டே ஹாலைப் பெருக்கியிருக்கிறேன். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற எனக்கு அது அழுக்காகத்தான் தெரிந்தது.

"வேக்ஸ் எவ்வளவு இருக்கு?"

"அரைக் கட்டி. பத்தாது. டெல்லியில எங்கம்மா கிடைக்கும்? ஆன்லைன்ல சொன்னா புதன்கிழமை வரும்."

"அங்க போய் வாங்கித் தேச்சிக்கிடலாம்லா?"

"வாங்கலாம். ஆனா ஒரு நாள்ல என் காலுக்கு எப்படிப் பழகும்?" பலகையைச் சுவரோரம் தள்ளினாள். "விடும்மா. டிக்கெட்டை கேன்சல் பண்ணிடலாம்."

வெள்ளிக்கிழமையிலிருந்து நான் ஆசைப்பட்ட வார்த்தை அது. காதில் விழுந்தபோது ஒரு துளிகூடச் சந்தோஷம் வரவில்லை.

சுரண்டியதையெல்லாம் நான் ஒரு செய்தித்தாளில் மடித்துக் குப்பைக்கூடையில் போட்டிருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் கூடை காலி. குப்பை எடுக்கிற கூடாவாலா வந்து எடுத்துப் போய்விட்டார்.

நைட்டிக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, காலில் ஒற்றை சாக்ஸ். அந்தக் கோலத்தில் லிஃப்டில் இறங்கினேன். பனியில் வண்டி தெரியவில்லை. மணிச் சத்தம் மட்டும் கேட்டது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டே அடுத்த பிளாக் வரை ஓடினேன்.

"பையா, ருக்கோ, நில்லுங்க. ஒன்பதாவது மாடிக் கூடா எது?"

"கங்கன் கிர் கயா க்யா, ஆன்ட்டி?" வளையல் தவறிவிட்டதா என்று கேட்கிறார்.

"அதைவிட ஜாஸ்தி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வண்டிக்குள் கையை விட்டேன். சுத்தம் சுத்தம் என்று உயிரை விடுகிறவள், இருபது வீட்டுக் குப்பையை அன்றைக்குக் கிளறினேன். வெங்காயத் தோலுக்கும் டீத்தூளுக்கும் அடியில் அந்தச் செய்தித்தாள் இருந்தது. பிரித்ததும் தேங்காய் மிட்டாய் வாசனை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஹீட்டர் முன்னால்

மேலே வந்தால் அந்தோணி ஹாலில் போனோடு நிற்கிறார். "ஃபாக்காம். ஒரு மணி ஃபிளைட்டு ஏழு மணிக்குத்தான் கிளம்புமாம்" என்றார். டெல்லிப் பனியை முப்பது வருஷமாகத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் கை எடுத்துக் கும்பிட்டேன்.

முதலில் என் மெழுகுவர்த்தியைக் கழற்ற வேண்டியிருந்தது. தலைமுடி உலர்த்துகிற டிரையரைக் காட்டிக் காட்டி இளக்கித் துணியால் ஒற்றினோம். மிச்சத்தைக் கடலை மாவு போட்டு எடுத்தேன். அதற்குள் அந்தோணி செய்தித்தாளை விரித்து, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு, மெழுகிலிருந்து முடியைப் பொறுக்கினார். அரிசியில் கல் பொறுக்கச் சொன்னால் தூங்கிவிடுகிற மனுஷர். நல்லதை உருட்டினால் ஒரு எலுமிச்சம்பழம் அளவு வந்தது.

குளிரில் அது கல்லாக இருந்தது. ஹீட்டர் முன்னால் காட்டினோம். அதிகம் காட்டினால் ஒழுகிவிடும், குறைந்தால் ஒட்டாது. கடைசியில் அதை உள்ளங்கைக்குள் வைத்து, கையை ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டு, உடம்புச் சூட்டிலேயே பதமாக்கினேன்.

"நீ தேய்" என்றாள் ஷீபா.

"நானா? எனக்கென்ன தெரியும்?"

"நான் சொல்றேன். நீ தேய்."

பாத்திரம் தேய்க்கிற பழக்கத்தில் அழுத்தித் தேய்த்தேன். பலகை மேல் வெள்ளையாக ஒரு பூச்சு வந்ததே தவிரக் கட்டி வரவில்லை. "அழுத்தாதம்மா. ஹல்கா. சப்பாத்திக்கு நெய் தடவுற மாதிரி." கையைத் தளர்த்தினேன். முதலில் இந்தப் பக்கம் சாய்வாகக் கோடுகள், அப்புறம் அந்தப் பக்கம், அதற்கு மேல் சின்னச் சின்ன வட்டம். பத்து நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, கோடுகள் குறுக்கே வெட்டிய இடங்களில் வேர்க்குரு மாதிரி பொடிப்பொடியாகப் புள்ளிகள் எழும்பின. நான் கையை எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஒன்றுமில்லாத வழவழப்பிலிருந்து அது வந்தது. தேய்க்கத் தேய்க்கத் தேய்ந்துபோகிற சாமான்களைத்தான் நான் வாழ்நாள் முழுக்கக் கண்டிருக்கிறேன். தேய்க்கத் தேய்க்க வளர்கிற ஒன்றை அன்றைக்குத்தான் கண்டேன்.

ஷீபா அதன் மேல் ஏறி நிற்பாள். "இன்னும் ஒரு விரக்கடை பின்னாடி." நான் சேர்ப்பேன். "இது ஜாஸ்தி." பேன் சீப்பால் கீறிக் குறைப்பேன். குறுக்கு வரம்பு வந்தது. நடுக்கோடு வந்தது. மத்தியானம் உப்புமா ஆறிப்போயிருந்தது. யாரும் கேட்கவில்லை.

தேய்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னேன். "வேணும்னு செய்யலட்டி. ஆனா நீ போகாம இருந்தா நல்லாயிருக்கும்னு நினைச்சேன். அழுக்கைச் சுரண்டுதேன்னுதான் நினைச்சேன். உள்ளுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கே சத்தியம் பண்ணத் தெரியல."

அவள் குனிந்து வரம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"தெரியும்மா" என்றாள். "அதான் உன்னைத் தேய்க்கச் சொன்னேன்."

கடைசியாகப் பெருவிரல் குமிழ். இருந்த மெழுகெல்லாம் தீர்ந்து, ஒரு சுண்டைக்காய் அளவுதான் மிச்சம். அதை அவள் காட்டிய இடத்தில் வைத்து என் கட்டைவிரலால் அழுத்தினேன். குமிழாக நிற்காமல் பள்ளமாகிவிட்டது. "ஐயோ, அமுங்கிட்டுட்டி" என்றேன். அவள் பெருவிரலைக் கொண்டுவந்து அந்தப் பள்ளத்தில் வைத்தாள். இரண்டு மூன்று தடவை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தாள்.

"ரெஹ்னே தோ. இதுவே இருக்கட்டும்."

அப்புறம் என்னைப் பலகை மேல் ஏறச் சொன்னாள். சாக்ஸைக் கழற்றச் சொன்னாள். கண்ணை மூடச் சொன்னாள். ஏறினேன். முதலில் பயம்தான் தெரிந்தது. கொஞ்சம் நின்ற பிறகு குதிகாலில் வரம்பு முட்டியது. உள்ளங்காலுக்கு நடுவில் கோடு ஓடியது. விரல் தானாக நகர்ந்து பள்ளத்தைத் தேடிப் போனது. நான் எங்கே நிற்கிறேன், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன் என்று என் கால் எனக்குச் சொன்னது. பன்னிரண்டு வருஷமாக இந்தப் பெண் இருட்டில் இருக்கிறாள் என்று நினைத்து அழுதிருக்கிறேன். அவள் இருக்கிற இடம் இவ்வளவு விவரமாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை

அப்பாவும் மகளும் அங்கே கடற்கரையில். நான் காலையில் எட்டரை மணிக்கு ஆபீஸ் போக ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். போன் வந்தது. அந்தோணி. காற்றுச் சத்தமும் அவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும்தான் கேட்டன.

"என்னாச்சு? வாயைத் திறங்க. பிள்ளை எங்க?"

போன் கை மாறியது.

"ஆறு தடவை விழுந்தேம்மா" என்றாள் ஷீபா. பல் தந்தியடித்தது. "உப்புத் தண்ணி எவ்வளவு குடிச்சேன் தெரியுமா."

"ஏழாவது?"

"மாஸ்டர் கை ரெண்டையும் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நின்னாராம். தான் பிடிக்கலன்னு அப்பாவுக்குக் காட்டுறதுக்கு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நின்னுட்டேம்மா. கரை வரைக்கும். கால்ல மணல் தட்டுற வரைக்கும் நின்னேன்."

மெட்ரோ வந்து நின்று கிளம்பிப் போனது. நான் ஏறவில்லை.

"எழுந்ததும் வரம்பு கிடைச்சிருச்சு. முன்னங்காலை எங்க வைக்கிறதுன்னு ஒரு செகண்ட் குழம்பிட்டேன். அப்புறம் பள்ளம் தட்டுப்பட்டுச்சு." அவள் சிரித்தாள், இரண்டு வருஷத்துக்கு முன் கேட்ட அதே சிரிப்பு. "உன் கட்டைவிரல் மேலதாம்மா நின்னேன்."

நான் சால்வை நுனியால் முகத்தைத் துடைத்தேன். பக்கத்தில் நின்ற சர்தார்ஜி ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

சாயங்காலம் வழக்கம்போல் கோயிலில் இறங்கினேன். மெழுகுவர்த்தி வாங்கினேன். ஏற்றி வைத்துவிட்டு முழங்காலிட்டால், பன்னிரண்டு வருஷமாகக் கேட்டதைக் கேட்க வாய் வரவில்லை. வேறு என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. நன்றி என்று மட்டும் சொன்னேன். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

எழுந்திருக்கும்போது, உருகி வழிந்து, மெழுகுவர்த்தித் தட்டின் கம்பியோரத்தில் உறையத் தொடங்கியிருந்த மெழுகில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். இன்னும் சூடு இருந்தது. விரல் ரேகை அப்படியே பதிந்தது.